நேராகப் போட்ட குழாய்

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். பதினெட்டாம் தேதி ஆபரேஷன், என் மனைவிக்கு, வலது முட்டியில். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். "வீட்ல பாத்ரூம் எப்படி?" என்று கேட்டார். "புதுசு டாக்டர், எட்டு மாசந்தான் ஆச்சு. இவளுக்காகவே படுக்கிற ரூமை ஒட்டிக் கட்டினது. படியே கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "தரையில தண்ணி நிக்கக் கூடாது. வழுக்கி விழுந்தாங்கன்னா வெச்ச முட்டி போச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்து" என்றார். பக்கத்தில் இவள் தன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தேன். கொட்டியது கொட்டியபடி நின்றது. மூலையில் இருக்கும் சல்லடை மூடிக்கு அடியிலிருந்து களக் களக் என்று சத்தம், யாரோ உள்ளே உட்கார்ந்து வாய் கொப்பளிக்கிற மாதிரி. அப்புறம் ஒரு ஏப்பம். அப்புறம்தான் தண்ணீர் போனால் போகிறது என்று இறங்க ஆரம்பித்தது. ஒரு வாளி வடிய ஏழு நிமிடம்! கணுக்கால் நனைய நின்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஏன் இப்படி என்று சத்தியமாகப் புரியவில்லை. அந்தக் குழாயைப் போல நேரான குழாய் இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் இருக்காது. கண்ணாடிக்குள் குமிழி ஓடுமே, அந்த ரசமட்டத்தை நானே வைத்துப் பார்த்துப் போட வைத்தது. குமிழி நட்ட நடுவில் நின்றது, மயிரிழை அந்தண்டை இந்தண்டை இல்லை. முப்பத்தொரு வருஷமாகப் படங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டிக் கொடுக்கிற தொழில். நான் மாட்டியது கோணல் என்று இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக் குழாய்க்கு என்ன கேடு?

மார்ச் 5, புதன்

முடிதான் காரணம். சல்லடையைக் கழற்றிக் கம்பியை விட்டு இழுத்தேன். ஒரு கைப்பிடி முடி, ஒரு சோப்புத் துண்டு, நான் மூன்று மாதமாகத் தேடிய சட்டைப் பொத்தான். தண்ணீர் ஊற்றினேன். அதே ஏழு நிமிடம்.

மார்ச் 7, வெள்ளி

பக்கத்து வீட்டு எஞ்சினியரிடம் கேட்டேன். வேலையில் இருந்த காலத்தில் பாலம் கட்டியவர். பாலம் கட்டியவருக்கு பாத்ரூம் தெரியாதா என்று கேட்டது என் புத்தி. வந்தார், குனிந்தார், முட்டி மடக்கென்றது, நிமிர்ந்தார். "காத்து, சார். தண்ணி போனா அந்த இடத்துக்குக் காத்து வரணும். காத்துக்கு வழியில்லேன்னா அது இந்த ஓட்டை வழியாத்தான் மூச்சு வாங்கும். அதான் களகளங்குது" என்றார். சரிதானே என்று தோன்றியது.

கடைக்குப் போகிற வழியில் இரும்புச் சாமான் கடைக்காரரிடம் சொன்னேன். "காத்தாவது கீத்தாவது. ஆசிட் ஊத்துங்க" என்றார். அதுவும் சரி என்று தோன்றியது. ஊற்றினேன். புகை வந்தது, கண் எரிந்தது, இவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றாள். குழாய் அசரவில்லை. இன்னொரு ஏப்பம் விட்டது.

முடியா, காற்றா, ஆசிட்டா? ஒருத்தர் சொல்வதும் இன்னொருத்தர் சொல்வதும் ஒட்டவில்லை. ஆனால் சொல்லும்போது எல்லாமே சரியாக இருக்கிறது. என் மண்டைதான் மத்தளம்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். இவள் பழைய குளியலறையிலிருந்து வருகிறாள். அங்கே மூன்று படி. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுகிறாள். முகம் வேர்த்திருக்கிறது. எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! "உனக்காகத்தானே உள்ள கட்டி வெச்சிருக்கேன்? எதுக்கு இங்க வந்து உயிரை விடுற?" என்று கத்தினேன். "அது பழகிடுச்சுங்க" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். துணி காயப்போடப் போய்விட்டாள்.

இதில் எரிச்சல் என்னவென்றால் இவள் தம்பியே பிளம்பர். அந்தக் குழாயைப் போட்டதே அவன்தான். கூப்பிட்டால் வரமாட்டான். போன ஜூலையில் நடந்ததை எழுதி வைக்கிறேன், பின்னால் நானே மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. அவன் குழாயைப் பள்ளத்தில் வைத்திருந்தான். நான் ரசமட்டத்தை மேலே வைத்தேன். குமிழி ஒரு கோடிக்கு ஓடிவிட்டது. அவ்வளவு கோணல். "என்னடா வேலை இது? நேர்கோடுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன். அவனுடைய ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "வாட்டம் மாமா" என்று ஏதோ ஆரம்பித்தான். "வாட்டமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், ஒழுங்கா நேரா போடு" என்றேன். பேசாமல் பிரித்து, நான் சொன்ன மாதிரியே போட்டான். அன்று சாயங்காலம் சாப்பிடாமல் போனவன்தான். எட்டு மாதம் ஆயிற்று, இந்த வாசலை மிதிக்கவில்லை.

சொந்த மாமன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவ்வளவு ரோஷமா? நான் என்ன ஊருக்கு முன்னாலா திட்டினேன்?

மார்ச் 11, செவ்வாய்

வேறு ஒரு பிளம்பர் வந்தார். எஞ்சினியர் அனுப்பிய ஆள். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை, அதனால் தொப்பிக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். சுருள் கம்பியை விட்டுச் சுழற்றினார். கறுப்பாக, கூழாக ஒரு சட்டி வந்தது. தண்ணீர் சலசலவென்று இறங்கியது. இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாயிருக்குங்க" என்றாள், எட்டிக்கூடப் பார்க்காமல்.

தொப்பிக்காரர் போகும்போது சொன்னது: "ரெண்டு நாளைக்குத் தாங்கும். வாட்டம் இல்ல சார், மறுபடி தங்கிடும்."

"அதெப்படி? ரசமட்டம் வெச்சுப் போட்டது" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். குழந்தை ஏதோ சொன்னால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

தாங்கியது. சரியாக இரண்டு நாள். அந்த ஆள் வாயில் என்ன இருக்கிறதோ!

மார்ச் 14, வெள்ளி

இன்று கடையில் ஒன்று நடந்தது. ஒழுங்காக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

கண்ணாடி வெட்டும் மேசை என் பெருமை. நாலு காலுக்கும் அடியில் தகடு வைத்து மட்டம் பார்த்த மேசை. அதன்மேல் ஒரு பெரிய கண்ணாடியைப் போட்டுத் துடைக்க ஆரம்பித்தேன். தெளிப்பான் மூடி கழன்று ஒரு குவளை தண்ணீர் அப்படியே நடுவில் கொட்டிவிட்டது. துணி எடுக்கத் திரும்பினேன். போன் வந்தது, பேசினேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் அங்கேயே இருக்கிறது. வட்டமாக, ஒரு அங்குலம் நகராமல்.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. கண்ணாடியின் ஒரு ஓரத்தைத் தூக்கி அட்டையை மடித்து அடியில் வைத்தேன். கொஞ்சம்தான். தண்ணீர் நாக்கு நீட்டியது, ஊர்ந்தது, மறு ஓரத்தில் சொட்ட ஆரம்பித்தது. அட்டையை எடுத்தேன். நின்றது. வைத்தேன். போனது. வாசலில் ஒரு அம்மா படத்தை வைத்துக்கொண்டு "கடை திறந்திருக்கா?" என்று கேட்கிறாள். நான் பாட்டுக்கு அட்டையை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன்.

நேராக இருந்தால் நிற்கும். கோணலாக இருந்தால் போகும். இதென்ன நியாயம்? ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது தெரியவில்லையா? தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் போகும் என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் குமிழியை நடுவில் நிறுத்தினேன். அது எப்படி? எனக்கே விளங்கவில்லை.

மார்ச் 15, சனி

ராத்திரி முழுக்கப் புரண்டதில் ஒரு யோசனை. வாட்டம், அதாவது சரிவு, கொஞ்சம் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மச்சினன் கொடுத்தது அளவுக்கு மீறி இருந்திருக்கும். எஞ்சினியரிடம் கேட்டேன். "ரொம்ப சரிவா போட்டாலும் தப்பு சார். தண்ணி மட்டும் முன்னாடி ஓடிடும், கசடெல்லாம் பின்தங்கிடும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அதைத்தானே நானும் அன்று சொன்னேன்!

சொன்னேனா? இல்லை. நேராகப் போடு என்றுதான் சொன்னேன். ஒன்பதாம் தேதி என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன். எழுதி வைத்தது தப்பாகப் போயிற்று.

மார்ச் 16, ஞாயிறு

தொப்பிக்காரர் மறுபடி வந்தார். பாத்ரூம் குழாய் வெளியே போய் விழுகிற தொட்டியின் மூடியை நெம்பித் திறந்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தவர், "சார், இங்க வாங்க" என்றார்.

குழாய் வந்து சேரும் ஓட்டைக்குக் கீழே, இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கி, வட்டமாக ஒரு பூச்சு. பழைய ஓட்டையை அடைத்த தடம். "யாரோ சரியான எடத்துல ஓட்டை போட்டிருக்காங்க. ஒம்பது அடிக் குழாய். அடிக்குக் கால் அங்குலம், ரெண்டே கால் அங்குலம் எறங்கணும். கணக்கா போட்டிருக்கான் மனுஷன். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. வேலை தெரிஞ்சவன். இதை மூடச் சொன்னது எவன் சார்?"

"தெரியலையே" என்றேன்.

தெரியாதா! தொட்டிச் சுவரை எதுக்குடா வீணா உடைச்ச, நேரா வந்தா மேல இருக்கிற ஓட்டையே போதும், அடைடா என்று சொன்ன வாய் இதுதான். அந்த இடத்தில் தொப்பிக்காரர் முன்னால் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

பாத்ரூம் தரையை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டால் தொட்டியைத் தொடாமலே சரியாகுமா என்று கேட்டேன். ஆகும், ஆனால் வாசலில் படி வரும் என்றார். முட்டி வைத்தவளுக்குப் படியா? அப்படியானால் தரையை உடைத்து, குழாயை எடுத்து, அந்தக் கீழ் ஓட்டையைத் திறந்து மறுபடி போட வேண்டும். அவருக்கு இருக்கிற வேலையில் மாதக் கடைசிக்கு முன்னால் வர முடியாது. இவள் இருபத்தைந்தாம் தேதி வந்துவிடுவாள்.

மார்ச் 17, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. "தம்பிக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "வேணாங்க. சொன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவான். அப்புறம் வீட்டுக்கும் வந்து பார்க்கணும்னு ஆகும். அவனுக்கு எதுக்குச் சங்கடம்" என்றாள். அவனுக்குச் சங்கடமா, எனக்கா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது. நாலு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கியது. எழுந்துபோய்ச் சரிசெய்யவில்லை.

மார்ச் 19, புதன்

இவள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் கேட்டுவிட்டேன். "குழாயை நேரா போட்டா தண்ணி போகாதுன்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தம்பி சொன்னான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். 'உன் தம்பிக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியா' என்று கேட்டிருப்பேன். வேறு என்ன கேட்டிருக்கப் போகிறேன்? அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதுக்காக எட்டு மாசமா அந்த முட்டியோட பின்னாடி படி ஏறி எறங்கினியா?"

"வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் இவளுக்காகக் கட்டினேன், இவளுக்காகக் கட்டினேன்னு சொல்லிச் சந்தோஷப்பட்டீங்க. எதுக்கு அதைக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். நல்ல வேளை. அழுதுவிட்டேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முட்டிக்கா, குழாய்க்கா, அவள் சொன்னதுக்கா?

மார்ச் 20, வியாழன்

மச்சினன் வேலை செய்யும் கட்டடம் வரைக்கும் போனேன். கேட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் போனேன். மூன்றாவது மாடியில் இருக்கிறான் என்றார்கள். கைப்பிடி வைக்காத படிகள். ஏறும்போதே என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டேன். மேலே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. குந்தி உட்கார்ந்து குழாயை அறுத்துக்கொண்டிருந்தான். அன்று நின்ற அதே இரண்டு ஆட்களும் இருந்தார்கள்.

"பாத்ரூம்ல தண்ணி நிக்குது" என்றேன். எட்டு மாதம் கழித்து ஒருத்தனைப் பார்த்ததும் சொல்கிற பேச்சா இது?

"நிக்கும்" என்றான். அறுப்பதை நிறுத்தவில்லை.

அப்புறம் அவனே, "அக்கா எப்படியிருக்கு?"

"ஆஸ்பத்திரில இருக்கா. முட்டி ஆபரேஷன். செவ்வாக்கிழமை ஆச்சு."

ரம்பம் நின்றது. எழுந்தான். "செவ்வாக்கிழமையா? இன்னிக்கு வெள்ளி. மூணு நாளா எனக்கு ஒருத்தரும் சொல்லலியா? என் அக்காவுக்கு ஆபரேஷன், எனக்குத் தெரியாது. நீங்கல்லாம் மனுஷங்களா மாமா?"

"அவதான் சொல்ல வேணாம்னா" என்றேன். ஆமாம், அந்த நேரத்திலும் அவள் தலையில்தான் போட்டேன். எழுதும்போது கூசுகிறது.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் ஆடியது. அழுகிறானா என்று நான் பார்க்கவில்லை. அப்போதுதான், எப்படி வந்ததென்று தெரியவில்லை, சத்தமாகவே சொன்னேன். அந்த இரண்டு பேர் காதிலும் விழ வேண்டும் என்றே சொன்னேன்: "குழாயை நேரா போடச் சொன்னது நான். நீ போட்டதுதான் சரி. எனக்கு ஒண்ணும் தெரியல. தெரியாம உன்னைப் பேசிட்டேன்."

ஆட்களில் ஒருத்தர் சிமெண்டு மூட்டையைப் பார்த்தார். இன்னொருத்தருக்கு அவசரமாகக் கீழே ஏதோ வேலை வந்துவிட்டது.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமே மாமா. நீங்க சொல்லித்தான் தெரியணுமா?" என்றான் மச்சினன்.

"அப்புறம் ஏன்டா நான் சொன்னபடி போட்ட? சண்டை போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருப்பேன். அக்கா கதவுக்குப் பின்னாடி நின்னு 'விட்டுடுடா'ன்னு கையைக் காட்டுச்சு. அதுக்காக விட்டேன்."

கதவுக்குப் பின்னால் அவள் நின்றதே எனக்கு இன்றுதான் தெரிகிறது. என் வீட்டில், என் கதவுக்குப் பின்னால்.

மார்ச் 22, சனி

காலை ஏழு மணிக்கு வந்து நின்றான். நேற்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டானாம். "இங்க வர்றேன்னு சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க, வேற ஆளு செஞ்சான்னு சொல்லுங்க" என்றான்.

"ஏன்டா?"

"தம்பி வந்துட்டான்னு சந்தோஷப்படும். நான் இன்னும் வரல மாமா. வேலைக்குத்தான் வந்திருக்கேன்."

என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. மதியம் புரிந்தது. நான் சாப்பாடு வாங்கி வைத்திருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய், தெருமுனையில் நின்று சாப்பிட்டுவிட்டு வந்தான். தண்ணீர்கூட அவன் பாட்டிலிலிருந்துதான் குடித்தான். நான் இரண்டு பொட்டலத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றைப் பிரித்தேன். இறங்கவில்லை.

டைல்ஸை உடைத்தாயிற்று. உள்ளே குழாயைக் குறுக்காக அறுத்துக் காட்டினான். பாதிக்குமேல் கறுப்புச் சேறு. "இதுக்கு மேல இருக்கிற சந்துலதான் தண்ணியும் போகணும், காத்தும் வரணும். அதான் சத்தம்" என்றான். எஞ்சினியர் சொன்ன காற்றும் சரிதான், தொப்பிக்காரர் சொன்ன வாட்டமும் சரிதான். முடியும் சரியாகத்தான் இருக்கும். எல்லாரும் சரி, நான் ஒருத்தன்தான் தப்பு!

மார்ச் 23, ஞாயிறு

புதுக் குழாயைப் போட்டாயிற்று. அடைத்த ஓட்டையைத் தட்டித் திறந்து, அதில் கொண்டுபோய்ச் சேர்த்தான். ரசமட்டத்தை வைத்துக் காட்டினான். குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. என் கண்ணுக்கு அது கோணல்தான். இப்போதும் கோணல்தான். கை பரபரத்தது. பின்னால் கட்டிக்கொண்டேன்.

தரையை மூடுவதற்கு முன்னால் ஒரு வாளி ஊற்றச் சொன்னான். ஊற்றினேன். போய்விட்டது. களகளக்கும் என்று காதைக் கொடுத்து நின்றேன். ஒன்றுமில்லை. நம்பிக்கை வராமல் இன்னொரு வாளி ஊற்றினேன், அப்புறம் இன்னொன்று. "போதும் மாமா, மேல இருக்கிற டேங்க் காலியாயிடும்" என்றான். சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

கடைசியாகச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அவனே வாங்கி வந்திருந்தான். "தரையிலேர்ந்து மூணடி" என்று அளவுகோலை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்தான், அவன் இடுப்புக்கும் கீழே. "அக்கா கை இங்கதான் வரும்" என்று பென்சிலால் கோடு போட்டான். அளந்து பார்த்தேன். இரண்டரை அடி. இது எந்தக் கணக்கிலும் வராதே என்று நினைத்தேன். அளவுகோலைக் கீழே வைத்தேன்.

இருட்டுவதற்குள் போய்விட்டான். ஒரு வாய் காபியாவது குடி என்றேன். "இருக்கட்டும் மாமா" என்றான். வாசல்வரை போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது தண்ணீர் போகிறது. அதுதானே வேண்டும்? வேறு என்ன வேண்டும் எனக்கு?

மார்ச் 25, செவ்வாய்

இவள் வந்துவிட்டாள். நாலு கால் ஊன்றுகோலோடு வாசலிலிருந்து கட்டிலுக்குப் பத்து நிமிடம். வந்ததும் தூங்கிவிட்டாள்.

மார்ச் 26, புதன்

காயத்தின் மேல் தண்ணீர் புகாத பட்டை ஒட்டியிருக்கிறார்கள், குளிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாத்ரூமில் நாற்காலி போட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். "கதவைச் சாத்திட்டுப் போங்க. கூப்பிட்டா வந்தா போதும்" என்றாள். நான் எங்கே போக? கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தம், சொம்பு வைக்கிற சத்தம். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பயந்து கதவைத் தட்டினேன்.

"விழல, விழல. தரை காஞ்சே போச்சு. கம்பியைப் பிடிச்சு எழுந்துட்டேன்" என்றாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "யாரு செஞ்சா?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன்: "தொப்பிக்காரர்."

"அந்தத் தொப்பிக்காரருக்கு என் கை எங்க வரும்னு எப்படித் தெரியும்? நீங்க வெச்சிருந்தா அந்தக் கம்பி என் தோளுக்கு வந்திருக்கும். முப்பது வருஷமா இந்த வீட்ல மாட்டின எல்லாத்தையும் அண்ணாந்துதானே பார்க்கிறேன்."

சுற்றிலும் பார்த்தேன். முகம் பார்க்கும் கண்ணாடி, அலமாரி, சாவி மாட்டும் கொக்கி. எல்லாம் மட்டமாகத்தான் இருக்கின்றன. என் உயரத்துக்கு.

கொஞ்சம் கழித்துக் கேட்டாள். "சாப்பிட்டானா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "இல்ல. ரெண்டு நாளும் வெளியதான் சாப்பிட்டான். தண்ணிகூட வாங்கிக்கல."

அவள் ஈரத் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். போனை எடுத்து அவளிடம் நீட்டினேன். "கூப்பிடு. நீ கூப்பிட்டா வருவான்."

"நான் கூப்பிட்டா எனக்காக வருவான். ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி" என்றாள். போனை வாங்கவில்லை.

நானே போட்டேன். நாலு தடவை மணி அடித்தது. எடுத்தான். பின்னால் ரம்பச் சத்தம். என்ன சொல்வதென்று தெரியாமல், "பாத்ரூம் நல்லா இருக்குடா" என்றேன்.

"தெரியும் மாமா" என்றான்.

"அதில்லடா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. வேலை ஒண்ணும் இல்ல. சாப்பிட வா. உன் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வா. அன்னிக்குச் சாப்பிடாம போனது எனக்கு... அதுக்கப்புறம் நான் கூப்பிட்டிருக்கணும். அப்பவே கூப்பிட்டிருக்கணும். கூப்பிடல."

ரம்பம் நின்றது. இவள் துண்டைப் பிடித்த கை பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அக்காவால நின்னு சமைக்க முடியாதே" என்றான்.

"நான் சமைக்கிறேன்."

"நீங்களா?" என்றான். "அப்ப வீட்ல சாப்பிட்டுட்டே வந்துடறோம் மாமா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வருகிறேன் என்கிறானா, வரமாட்டேன் என்கிறானா? போனைக் கையில் வைத்துக்கொண்டு இவளிடம் அப்படியே சொன்னேன். இவள் சிரிக்க ஆரம்பித்தாள். முட்டி வலிக்கிறது, சிரிக்க வைக்காதீங்க என்று தொடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, நிறுத்தவே முடியாமல் சிரித்தாள். அது போனில் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் வந்தது.

நாலு பேருக்கு எத்தனை டம்ளர் அரிசி போட வேண்டும் என்று இன்னும் இவளிடம் கேட்கவில்லை.